மெட்ரோனிடசோல், டினிடசோல் இரண்டும் ஒன்றுதானா? எதைச் சாப்பிடலாம்?

உங்களுக்கு இப்போது வயிறு சரியில்லை, போன தடவை மிச்சம் வைத்த ஒரு மாத்திரை அட்டை அலமாரியில் கிடக்கிறது. சரிதானே? அதை எடுத்து விழுங்கிவிடாதீர்கள். நான் டாக்டர் இல்லை, பட்டவன். சண்டைக்கு வருபவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு வரவும்.

இரண்டும் ஒரே குடும்பம். அமீபா, ஜியார்டியா என்கிற குடல் ஒட்டுண்ணிகள், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் பாக்டீரியா, மூன்றையும் அடிக்கும். மெட்ரோனிடசோல் சுமார் 8 மணி நேரத்தில் உடம்பில் பாதியாகிவிடும். டினிடசோலுக்கு 12 முதல் 14 மணி நேரம் ஆகும். அதனால்தான் முன்னதை மூன்று வேளை, பல நாள் போடச் சொல்கிறார்கள். பின்னதை ஒரு வேளை, சில நாள்.

நான் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோது அமீபா வந்தது. மெட்ரோனிடசோல் எழுதினார்கள். இரண்டாம் நாளே வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய ருசி. தயிர்சாதம்கூட இரும்பாக இனித்தது. வயிற்றுப்போக்கு நின்றதும் நாலாம் நாள் நானே நிறுத்திவிட்டேன். ஒரே மாதத்தில் திரும்ப வந்தது, சளியும் ரத்தமுமாக.

இந்த முறை வேறு டாக்டர். டினிடசோல் 500 மில்லிகிராம் மாத்திரை நாலு, சாப்பிட்டதும் ஒரே வேளையாக, மூன்று நாள். கசப்பு இதிலும் உண்டு, ஆனால் மூன்று நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். அப்புறம் குடலில் தங்கியிருக்கும் அமீபாவின் முட்டைக்கூடு மாதிரியானவற்றை இந்த இரண்டுமே சரியாகக் கொல்லாதாம். அதற்கு டைலாக்ஸனைடு என்று தனியாகப் பத்து நாள் கொடுத்தார். முதல் தடவை அதை யாரும் சொல்லவே இல்லை.

மது கூடாது என்பது தெரிந்ததே. "எனக்கு அந்தப் பழக்கமே இல்லை சார்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். "அரிஷ்டம் ஏதாவது குடிக்கிறீங்களா?" என்றார். அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய தசமூலாரிஷ்டம் மூன்று வேளையும் உள்ளே போய்க்கொண்டிருந்தது! அதிலும் ஆல்கஹால் உண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆக, எனக்கு டினிடசோல் ஒத்துக்கொண்டது. மெட்ரோனிடசோல் மட்டம் என்று சொல்லவில்லை, பாதியில் விட்டவன் நான்தான். ஆனால் அமீபா வந்தது என் தப்பில்லை. அந்த மேன்ஷன் தண்ணீர்த்தொட்டியை நான் இருந்த இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடக் கழுவவில்லை. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று அட்வான்ஸில் மூவாயிரம் பிடித்தார்கள். தொட்டியைக் கழுவ எவ்வளவு ஆகியிருக்கும்?