ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து அவர் ஆளே மாறிவிட்டார்

கேள்வி: என் கணவருக்கு வயது 68. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருப்பது ஏழு மாதத்துக்கு முன்பு தெரிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி, தினமும் அபிராடிரோன் மாத்திரை, கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. நோயின் வேகத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான பிஎஸ்ஏ 140 இருந்தது, இப்போது 0.3. டாக்டருக்குத் திருப்தி. ஆனால் வீட்டில் எந்நேரமும் அசதி என்கிறார். இரவில் இரண்டு தடவை சட்டை மாற்றும் அளவுக்கு வியர்க்கிறது. வயிறு பெருத்துவிட்டது, கை கால் மெலிந்துவிட்டது. சின்ன விஷயத்துக்கும் கண் கலங்குகிறார். என்னை விட்டுத் தனி அறையில் படுக்கிறார். "பிஎஸ்ஏதான் குறைந்துவிட்டதே, ஊசியை நிறுத்திவிடலாம்" என்கிறார். நோய் முற்றுகிறதா? ஊசியை நிறுத்தலாமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, நேரில் பார்க்காமல்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதைத் தயங்காமல் சொல்லலாம்: நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் இந்தச் சிகிச்சையில் நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். பிஎஸ்ஏ 140-லிருந்து 0.3-க்கு இறங்கியிருக்கும் நேரத்தில், இதை வைத்து நோய் முற்றுகிறது என்று நினைக்க வேண்டியதில்லை. ஏழு மாதத்தில் இவ்வளவு கீழே வந்திருப்பது நல்ல அறிகுறி. அவர் மாறியது உங்கள் மேல் உள்ள கோபத்தாலும் அல்ல, அவர் குணம் கெட்டதாலும் அல்ல.

இந்த நோய்க்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். அதை நிறுத்தினால் நோய் சுருங்கும் என்று 1941-லேயே காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர். 1966-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அன்று விதைகளை (விந்தகங்களை) அகற்ற வேண்டியிருந்தது. இன்று ஊசியே அந்த வேலையைச் செய்கிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விதைகளுக்கு அனுப்பும் கட்டளை நின்றுபோகிறது, விதைகள் ஓய்ந்துவிடுகின்றன. உடம்பின் டெஸ்டோஸ்டிரோனில் 90 சதவீதத்துக்கும் மேல் அங்கிருந்துதான் வருகிறது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியும் புற்றுநோய் செல்களும் தயாரிக்கிற மிச்சத்தை அபிராடிரோன் அடைக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அந்த ஹார்மோன் தாம்பத்தியத்துக்கு மட்டுமானது அல்ல. தசை, எலும்பு, ரத்தம், மனநிலை, உடல் சூட்டைச் சமன்செய்யும் மூளையின் பகுதி என்று எல்லாமே அதை நம்பியிருக்கின்றன. மாதவிடாய் நின்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். திடீரென்று முகத்தில் ஏறும் சூடு, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை. பெண்ணுக்குச் சில வருடங்களில் மெல்ல நடப்பது அவருக்குச் சில வாரங்களில் நடந்திருக்கிறது. அதற்கான பேச்சே அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் வீட்டில் அவருக்கு வழிகாட்டக்கூடியவர் நீங்கள்தான்.

ஊசியை நிறுத்தலாமா? அவராக நிறுத்தக் கூடாது. பிஎஸ்ஏ 0.3 என்பதற்கு நோய் அடங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம், போய்விட்டது என்று அர்த்தம் அல்ல. இடைவெளி விட்டுப் போடும் முறை ஒன்று உண்டு, ஆனால் எலும்புக்குப் பரவியவர்களுக்குத் தொடர்ந்து போடுவதையே பெரும்பாலான மருத்துவர்கள் விரும்புவார்கள். பக்கவிளைவு தாங்க முடியவில்லை என்றால் அதை டாக்டரிடம் அப்படியே சொல்லட்டும். மருந்தை மாற்றவோ மாத்திரையின் அளவைக் குறைக்கவோ வழி இருக்கிறது. பிரெட்னிசோலோனையும் திடீரென்று விடக் கூடாது. அது விட்டுப்போனால் கடும் சோர்வு, ரத்த அழுத்தம் விழுவது என்று வேறு ஆபத்து வரும்.

இனி அந்த அசதி. முதலில் ஹீமோகுளோபின், சர்க்கரை, பொட்டாசியம், தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டோஸ்டிரோன் இறங்கினால் ஹீமோகுளோபினும் கொஞ்சம் இறங்கும். அபிராடிரோன் பொட்டாசியத்தைக் குறைக்கலாம், ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். எல்லாம் சரியாக இருந்தும் அசதி இருந்தால், ஓய்வு அதற்கு மருந்தல்ல. படுக்கப் படுக்கத் தசை இன்னும் கரையும், அசதி இன்னும் கூடும். இந்த அசதிக்கு உடற்பயிற்சி அளவுக்குப் பலன் தரும் மாத்திரை எதுவும் என்னிடம் இல்லை.

பலர் "தினமும் நடக்கிறேனே" என்பார்கள். நடப்பது நல்லதுதான், இதயத்துக்குத் தேவை. ஆனால் கரைந்துபோகும் தசையைக் காப்பாற்ற, தசைக்கு எடை கொடுக்கும் பயிற்சி வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது வேண்டும். வீட்டில் இப்படி ஆரம்பியுங்கள். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, கையை ஊன்றாமல் எழுந்து நிற்கட்டும், மெதுவாக உட்காரட்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும், பலன் அதில்தான். முதல் நாள் நான்குதான் முடிந்தது என்றால் நான்கே போதும். நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணுங்கள், ஒரு தாளில் எழுதி வையுங்கள். சில வாரங்களில் அந்த எண் ஏறுவதை அவரே பார்ப்பார்.

ஒரு எச்சரிக்கை. எந்த எலும்பில் நோய் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு, ஒரு பிசியோதெரபிஸ்ட் பயிற்சியை வகுத்துக் கொடுக்க வேண்டும். முதுகெலும்பில் இருந்தால் எடையோடு குனிவதும் இடுப்பைத் திருப்புவதும் கூடாது. பரவிய எலும்பு முறியும் என்று பயந்து எதுவுமே செய்யாமல் இருப்பது தவறு. யோசிக்காமல் தூக்குவதும் தவறு.

எலும்பைப் பற்றி இன்னும் ஒன்று. நோய் இல்லாத எலும்பையும் இந்தச் சிகிச்சை மெலியவைக்கும், பிரெட்னிசோலோன் அதை அதிகமாக்கும். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். சாப்பாட்டில் வருவதையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியமும், போதுமான வைட்டமின் டி-யும் வேண்டும். தேவைப்பட்டால் டெனோசுமாப் அல்லது சோலெட்ரோனிக் அமிலம் என்ற ஊசி போடுவார்கள். அதற்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு பல் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும். இதை யாரும் சொல்லாமல் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

வியர்வைக்கு மெல்லிய பருத்தித் துணி, படுக்கையறையில் நல்ல காற்று, படுக்கப் போகும்போது சூடான பானம் வேண்டாம். மதுவும் காரமும் சிலருக்குத் தூண்டிவிடும். அப்படியும் தூக்கம் கெட்டால் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன், வென்லாஃபாக்ஸின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். "ஆண்மை பெருக்கும்" என்று விற்கும் லேகியம், மாத்திரை எதையும் தொடவே வேண்டாம். அதில் ஆண் ஹார்மோன் கலந்திருந்தால் இத்தனை நாள் பட்டினி போட்ட நோய்க்குச் சோறு போட்ட மாதிரி ஆகிவிடும்.

அபிராடிரோனை அவர் எப்போது விழுங்குகிறார் என்றும் பாருங்கள். வழக்கமான மருந்தளவில் எடுக்கிறவர் வெறும் வயிற்றில்தான் போட வேண்டும்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடாமல். சாப்பாட்டோடு போட்டால் மருந்து ரத்தத்தில் பல மடங்கு கூடிவிடும்.

தனி அறை விஷயத்துக்கு வருகிறேன். ஆசை என்பதே அவருக்கு இப்போது எழாது. மனைவிக்கு ஏமாற்றம் தருகிறோம் என்ற கூச்சத்தில், தொடுவதையே பல ஆண்கள் நிறுத்திவிடுகிறார்கள். தோளில் கை வைத்தால்கூட அது எங்கே போய் முடியுமோ என்று பயந்து விலகுவார்கள். நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "எனக்கு அது வேண்டும் என்று நான் கேட்கவில்லை, பக்கத்தில் படுத்தால் போதும்." உங்களுக்கும் ஆசை இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். விறைப்புக்கு மாத்திரை, கருவி என்று வழிகள் உண்டு. ஆசையை அவை கொண்டுவராது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அழுகை வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று பேசினாலோ, அது மனச்சோர்வு. தாமதிக்காமல் சிகிச்சை எடுக்க வேண்டும்.

இதை மட்டும் வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருங்கள். புதிதாக முதுகுவலி வந்து நாளுக்கு நாள் கூடினாலோ, இருமினால் அல்லது படுத்தால் அதிகமானாலோ, வலி மார்பைச் சுற்றிப் பட்டை கட்டியது போல இருந்தாலோ, கால் தளர்ந்தாலோ மரத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, அது தண்டுவடம் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது, நடு இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கால் நடக்கும் நிலையில் சிகிச்சை ஆரம்பித்தால்தான் நடை தங்கும்.

அடுத்த தடவை ஊசி போடப் போகும்போது நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள். டாக்டர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் அவர் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார். இரவில் எத்தனை சட்டை மாற்றினார் என்பதை நீங்கள் சொல்லுங்கள். நாற்காலிக் கணக்கு எழுதிய தாளையும் எடுத்துப் போங்கள். அப்படியே, பரம்பரையாக வரக்கூடிய குறையைப் பார்க்கும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். குறை இருந்தால் அவருக்கு வேறு மருந்துகளுக்கு வாய்ப்பு உண்டு. மகனோ மகளோ இருந்தால் அவர்களும் தங்களைப் பரிசோதித்துக்கொள்ளலாம்.