மரமும் வேண்டும், அமைதியும் வேண்டும்: ஐந்தோவனில் வாடகை வீடு – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்கு வேலைக்குப் போகிறவர்கள், போய்ச் சேர்ந்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

ஐந்தோவனை ஒட்டிய வெல்ட்ஹோவனில் வேலை கிடைத்திருக்கிறது. மரங்கள் நிறைந்த, சந்தடி இல்லாத பகுதியில் குடியிருக்க ஆசை. எங்கே தேடலாம்?
– வாசகர், கோவை

ஐந்தோவனில் பசுமைக்குப் பஞ்சமில்லை. தேட வேண்டியது, அந்தப் பசுமைக்கு நடுவே நல்ல கட்டடம் எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

தெற்கே டொம்மல் ஆற்றை ஒட்டிய ஹெனப்பர் பார்க்கன் பக்கம் அழகானது. தொழில்நுட்ப நிறுவனங்கள் கூடியிருக்கும் ஹைடெக் கேம்பஸ் அதற்கு அடுத்தே இருப்பதால் சைக்கிளில் போய்வருவது சுலபம். வாடகையும் அதற்கேற்ப இருக்கும். ஸ்ட்ராட்டம் பகுதியில் 1930-களின் செங்கல் வீடுகளும், கட்டடக் கலைஞர் டுடாக் வடிவமைத்த வெள்ளைக் குடியிருப்பான 'விட்ட டோர்ப்'பும் உண்டு. வடக்கே வூன்சலில் 1970, 80-களில் கட்டிய குடியிருப்புகளில் தெருக்கள் வளைந்து வளைந்து போகும். உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாததால் வெளியூர் வண்டிகள் நுழைவதில்லை. குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான். மேற்கே மேர்ஹோவன் புதியது, குளங்கள் உண்டு, வெல்ட்ஹோவனுக்கு மிகப் பக்கம். ஆனால் விமான நிலையமும் பக்கம். வீடு பார்க்கப் போனால் ஜன்னலைத் திறந்து வைத்துக் கால் மணி நேரம் நில்லுங்கள். ஞாயிறு மதியம் மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், வேலைநாள் காலையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மரங்கள் பெரிதாக வளர்ந்திருக்கும் தெரு என்றால் வீடும் வயதானது என்று அர்த்தம். 1930-களின் வீட்டில் மாடித் தளம் மரப்பலகையாக இருக்கலாம். மேலே நடப்பது கீழே கேட்கும். பக்கத்து வீட்டுச் சுவரும் மெல்லியது. 1970-களின் வீடுகளில் சுவருக்குள் வெப்பக் காப்பு போட்டிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். சத்தத்தை நேரில் போய்த்தான் அறிய வேண்டும்; வெப்பக் காப்புக்குக் குறுக்குவழி, வீடு எவ்வளவு எரிசக்தி தின்னும் என்று தரம் பிரிக்கும் எரிசக்தி லேபிள். ஏ-யில் நான்கு கூட்டல் குறியில் தொடங்கி ஜி வரை இறங்கும். வாடகைக்கு விடும்போது லேபிள் தர வேண்டியது உரிமையாளரின் கடமை. வாடகை 100 யூரோ குறைவான எஃப் லேபிள் வீடு, குளிர்காலத்தில் அந்த 100 யூரோவையும் எரிவாயு பில்லாக வாங்கிக்கொண்டு விடும்.

விளம்பரத்தில் 'காள்' என்று போட்டிருந்த வீட்டைப் பார்க்கப் போனோம். தரையில் வெறும் சிமென்ட். இது வழக்கமா?
– வாசகி, வெல்ட்ஹோவன்

வழக்கம்தான். 'காள்' என்றால் தரைவிரிப்பு, திரைச்சீலை, சில சமயம் விளக்குகூட இருக்காது. போன குடித்தனக்காரர் தாம் போட்ட மரத்தரையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டே போயிருப்பார். 'ஹெஸ்டொஃபேர்ட்' என்றால் தரை, திரை, விளக்கு இருக்கும், பெரும்பாலும் அடுப்பும் ஃப்ரிட்ஜும் இருக்கும். 'ஹெமியுபிலேர்ட்' என்றால் கட்டில், சோஃபாவோடு.

இரண்டு ஆண்டுக்குக் குறைவாகத் தங்குவதென்றால் 'காள்' வீடு கட்டுப்படியாகாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால், போகிறவரிடமிருந்து தரையையும் திரையையும் பேசி வாங்கிக்கொள்ளலாம்; அங்கே அது சகஜம். ஆனால் விலை பேசியதை எழுதி வாங்குங்கள். நீங்கள் காலி செய்யும்போது அந்தத் தரையை விட்டுப் போகலாமா, பெயர்க்க வேண்டுமா என்று உரிமையாளரிடமும் எழுத்தில் கேளுங்கள். அடுக்குமாடியில் நீங்களே தரை போடுவதானால் முதலில் உரிமையாளர் சங்க விதியைப் படியுங்கள். பல கட்டடங்களில் குறைந்தது 10 டெசிபெல் ஒலி குறைக்கும் அடிவிரிப்பு கட்டாயம். ரசீதையும் பாக்கெட்டின் மேலட்டையையும் பத்திரப்படுத்துங்கள். கீழ்வீட்டுக்காரர் புகார் சொன்னால் அதுதான் சாட்சி.

மாத வாடகை 1,500 யூரோ. மூன்று மாத முன்பணமும், ஒப்பந்தச் செலவு என்று 350 யூரோவும் ஏஜென்ட் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், ஐந்தோவன்

இரண்டும் சட்டப்படி கேட்கக் கூடாதவை. 2023 ஜூலை 1 முதல் முன்பணத்தின் உச்சவரம்பு இரண்டு மாத அடிப்படை வாடகை (மின்சாரம், சேவைக் கட்டணம் சேராதது). உங்கள் கணக்கில் 3,000 யூரோ. முதல் மாத வாடகையையும் சேர்த்தால் சாவி வாங்குமுன் 4,500 யூரோ கையில் இருந்தால் போதும். 350 யூரோ விஷயம் இன்னும் தெளிவு: உரிமையாளரின் வீட்டை விளம்பரம் செய்த ஏஜென்ட் உரிமையாளரின் ஆள். அவர் உங்களிடம் தரகு வாங்க முடியாது. 'நிர்வாகக் கட்டணம்', 'பதிவுக் கட்டணம்' என்று பெயர் மாற்றினாலும் அதே கதைதான்.

நடைமுறையில், கேட்டவுடன் சண்டை போட்டால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. அப்படிக் கட்ட வேண்டி வந்தால் வங்கி வழியாகக் கட்டி, விவரத்தில் எதற்கான பணம் என்று எழுதுங்கள். குடியேறிய பிறகு கடிதம் எழுதித் திரும்பக் கேட்கலாம். 5 ஆண்டு வரை உரிமை உண்டு. இலவசச் சட்ட ஆலோசனைக்கு 'யுரிடிஸ் லொக்கெட்' இருக்கிறது. நகராட்சியிலும் வீட்டு உரிமையாளர் மீதான புகார் மையம் உண்டு.

முன்பணத்தைத் திருப்பித் தருவதற்கும் கெடு இருக்கிறது. பிடித்தம் இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள், பிடித்தம் இருந்தால் செலவுக் கணக்கோடு 30 நாளுக்குள். குடியேறும் அன்றே அறை அறையாகப் படமெடுத்து, மின்சார, தண்ணீர் மீட்டர் எண்களையும் சேர்த்து அன்றைக்கே மின்னஞ்சலில் உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். தேதியோடு கூடிய அந்த ஒரு மின்னஞ்சல், பின்னால் நடக்கும் பல வாக்குவாதங்களைத் தொடக்கத்திலேயே முடித்துவிடும்.

70 சதுர மீட்டர் ஃபிளாட்டுக்கு 1,350 யூரோ கொடுக்கிறோம். பக்கத்து வீட்டு டச்சுக்காரர், 'புள்ளி எண்ணிப் பார்த்தீர்களா?' என்கிறார். என்ன புள்ளி?
– வாசகி, ஐந்தோவன்

நல்ல பக்கத்து வீட்டுக்காரர். நெதர்லாந்தில் வாடகையைச் சந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. வீட்டுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அறைகளின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1 புள்ளி, சாமான் அறை போன்ற இடங்களுக்கு 0.75. அதன் மேல் எரிசக்தி லேபிள், சமையலறை, குளியலறை, நகராட்சி ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் வீட்டு மதிப்பு எல்லாவற்றுக்கும் புள்ளி. உங்களுக்கே உரிய தோட்டமோ பால்கனியோ இருந்தால் கூடும். வெளியிடமே இல்லையென்றால் 5 குறையும். மோசமான லேபிளும் புள்ளியைக் குறைக்கும்.

2024 ஜூலை 1 முதல், அன்றைக்குப் பிறகு போட்ட ஒப்பந்தங்களுக்கு 186 புள்ளி வரை உச்சவரம்பு உண்டு. 2025-இன் கணக்கில் 186 புள்ளிக்கான உச்சவரம்பு 1,184.82 யூரோ. 187-ஐத் தொட்டுவிட்டால் உரிமையாளர் விரும்பிய தொகையைக் கேட்கலாம். ஆக உங்கள் வீடு 187-க்குக் கீழே என்றால் மாதம் 165 யூரோவுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: 2025 ஜனவரி 1 முதல் போடும் ஒப்பந்தத்தோடு புள்ளிக் கணக்கையும் உரிமையாளர் இணைக்க வேண்டும், அதைக் கேளுங்கள். பிறகு வாடகை ஆணையமான 'ஹுர்கொமிஸ்ஸி'யின் இணையதளத்தில் நீங்களே இலவசமாகக் கணக்குப் போடுங்கள். பரப்பை டேப் வைத்து அளந்து பாருங்கள். விளம்பரத்தில் போட்ட எண்ணை நம்பாதீர்கள். பால்கனியையும் சேர்த்து 70 என்று எழுதியிருப்பார்கள். கணக்கு இடித்தால், ஒப்பந்தம் தொடங்கிய 6 மாதத்துக்குள் ஆணையத்தில் மனுக் கொடுங்கள். கட்டணம் 25 யூரோ. ஜெயித்தால் அதுவும் திரும்ப வரும். மனுக் கொடுத்ததற்காக உங்களைக் காலி செய்யச் சொல்ல முடியாது.

ஒரு விதிவிலக்கு பசுமைப் பகுதிகளில் அடிக்கடி குறுக்கே வரும். தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட வீடுகளுக்கு உச்சவரம்புக்கு மேல் 35 சதவீதம் வரை சேர்க்க அனுமதி உண்டு. விட்ட டோர்ப் வீடுகள் அப்படிப்பட்டவை. ஜன்னலை மாற்ற உரிமையாளருக்கே அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு வருட ஒப்பந்தம் என்கிறார்கள். வருடம் முடிந்தால் வெளியேற வேண்டுமா?
– வாசகர், சென்னை

2024 ஜூலை 1-க்குப் பிறகு காலவரையற்ற ஒப்பந்தம்தான் பொது விதி. வெளியூர் மாணவர் போன்ற சில பிரிவினருக்கு மட்டுமே குறுகிய கால ஒப்பந்தம் போடலாம். உரிமையாளர் வெளிநாடு போய்த் திரும்பிவந்து அதே வீட்டில் குடியேறுவார் என்ற ஷரத்து வேறு வகை, அது செல்லும். ஐந்தோவனில் இத்தகைய வீடுகள் நிறைய. தேதி தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பெரும்பாலும் 'ஒரு வருடம்' என்பது குறைந்தபட்சக் காலம்: நீங்கள் 12 மாதத்துக்கு முன் போகக் கூடாது, அதன் பிறகு தொடரலாம். வேலை மாறும் வாய்ப்பு இருந்தால் கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை நீக்கச் சொல்லிப் பேசுங்கள். பிறகு பேசிப் பயனில்லை. அந்தக் காலம் முடிந்ததும் பொதுவாக ஒரு மாத முன்னறிவிப்பு போதும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

உரிமையாளர் ஸ்பெயினில் இருக்கிறாராம். பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவாராம்.
– வாசகர், மதுரை

அனுப்பாதீர்கள். வீடு அவருடையதாகவே இருக்காது. நிலப்பதிவகமான 'கடாஸ்டர்' தளத்தில் சில யூரோ செலவில் உரிமையாளர் பெயரைப் பார்க்கலாம். அங்கே இருக்கும் சக ஊழியர் ஒருவர் நேரில் போய்க் கதவைத் திறந்து உள்ளே நின்று வீடியோவில் காட்டாமல் ஒரு யூரோவும் தர வேண்டாம். பாஸ்போர்ட் நகல் கேட்டால், அரசின் 'கோப்பி ஐடி' செயலியில் தேவையற்ற விவரங்களை மறைத்து, யாருக்கு, எதற்கு என்று நகலின் குறுக்கே எழுதி அனுப்புங்கள்.

இந்த முகவரியில் பதிவு செய்யக் கூடாது என்று நிபந்தனை போடுகிறார். வாடகை மலிவு. எடுக்கலாமா?
– வாசகி, பெங்களூரு

வேண்டாம். நான்கு மாதத்துக்கு மேல் தங்குகிறவர் வந்த 5 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அது இல்லாமல் குடிமக்கள் எண் கிடைப்பது சிக்கலாகும். சம்பளம், வங்கி, மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்த எண்ணில்தான் நடக்கும்.

சமையலறையில் எரிவாயு இல்லை. குளிர்காலத்தில் படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை வருகிறது. தாளித்தால் வீடெல்லாம் வாசனை. உரிமையாளர் நம் சமையலைக் குறை சொல்கிறார்.
– வாசகி, மேர்ஹோவன்

மேர்ஹோவனில் வெந்நீர்க் குழாய் வழியே வெப்பம் வருகிறது, எரிவாயு இணைப்பு கிடையாது. அந்த வெப்பத்தைத் தரும் நிறுவனத்தை நீங்கள் மாற்ற முடியாது. கட்டணத்துக்கு அரசு ஒழுங்குமுறை ஆணையம் உச்சவரம்பு வைத்திருக்கிறது.

பூஞ்சைக்கு முதல் காரணம் பெரும்பாலும், வீட்டின் ஈரக்காற்றை வெளியே இழுக்கும் காற்றோட்டப் பெட்டி ஓடாததுதான். சுவரில் மூன்று நிலை உள்ள சுவிட்ச் இருக்கும். சத்தம் வருகிறது, குளிர்கிறது என்று பலர் அதன் பிளக்கைக் கழற்றிவிடுகிறார்கள். உள்ளே உலர்த்தும் துணி, கொதிக்கும் சோறு, குளியல் எல்லாம் சேர்ந்த ஈரம் குளிர்ந்த வெளிச்சுவர் மூலையில் போய்த் தங்கும். பெட்டியை எப்போதும் 1-இல் வையுங்கள், சமைக்கும்போதும் குளிக்கும்போதும் 3-இல் வைத்து, முடிந்த பிறகும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளுங்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்கி 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கிறதா பாருங்கள். 60-க்குக் கீழே இருந்தும் பூஞ்சை வந்தால் சுவரில் குளிர் கசியும் இடம் இருக்கலாம். அது உரிமையாளர் சரிசெய்ய வேண்டிய குறை. அளவு தெரியும்படி தேதியோடு படமெடுத்து எழுத்தில் தெரிவியுங்கள்.

வாசனைக்கு உறிஞ்சும் மோட்டார் சிம்னி வாங்கி, கட்டடத்தின் மையக் காற்றோட்டக் குழாயில் சொருகிவிடாதீர்கள். உங்கள் தாளிப்பு பக்கத்து வீட்டுக் குளியலறையில் வீசும், கட்டடக் காற்றோட்டமே குலையும். கரி வடிகட்டியோடு காற்றைச் சுழற்றிவிடும் வகைதான் சரி. இரும்புத் தோசைக்கல் இண்டக்ஷனில் வேலை செய்யும், ஆனால் எடுத்தவுடன் முழு வேகத்தில் வைத்தால் கல் நெளியும். மூன்று நான்கு நிமிடம் மெதுவாகச் சூடேற்றுங்கள், கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள். அலுமினியக் குக்கர் வேலைக்கு ஆகாது. காந்தம் ஒட்டும் அடியுள்ளது வேண்டும். நம் கிரைண்டருக்கு அங்குள்ள மின்னழுத்தம் ஒத்துவரும், பிளக் ஒத்துவராது. மலிவு அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பு இல்லை. ஈரக் கையோடு தொடும் கருவிக்கு அது ஆபத்து. எர்த் உள்ள ஐரோப்பிய பிளக்கையே மாற்றிப் போடச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் கூடத்து சாக்கெட்டுகளில் எர்த் இருக்காது, ஆகவே கிரைண்டரைச் சமையலறையிலேயே ஓட்டுங்கள்.

தோட்டத்தோடு வீடு கிடைத்திருக்கிறது. தோட்டத்தை யார் பார்க்க வேண்டும்?
– வாசகர், ஹெல்டிராப்

நீங்கள்தான். புல் வெட்டுவது, களை பிடுங்குவது, வேலிச்செடியைக் கத்தரிப்பது, உடைந்த ஓரிரு நடைக்கற்களை மாற்றுவது, கை எட்டுகிற கூரையோர மழைநீர்க் கால்வாயிலிருந்து இலை அள்ளுவது எல்லாம் சட்டப்படி குடியிருப்பவர் வேலை. வெளிப்புற வண்ணப்பூச்சு உரிமையாளருடையது. பெரிய மரத்தை மட்டும் தொடாதீர்கள். உரிமையாளர் சம்மதமும், சில சமயம் நகராட்சி அனுமதியும் வேண்டும். 'வெயில் மறைக்கிறது' என்பது அங்கே காரணமாக எடுபடாது. குடியேறும் அன்று தோட்டம் காடாகக் கிடந்தால் அதையும் படமெடுத்து, அன்றே உரிமையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் போகும்போது வெட்டுக்கூலி உங்கள் முன்பணத்தில் பிடிபடும்.