விடிய விடியத் திருத்துவது

அன்புள்ள டொக்டர்,

மருத்துவ பீடத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். இளம் வைத்தியர்கள் ஆய்வுக்கட்டுரை வரைவைக் கொண்டுவந்து, "மிஸ், ஒருக்கால் பாத்துத் தாங்கோ" என்பார்கள். விடிய விடிய இருந்து திருத்திக் கொடுக்கிறேன். அடுத்த கட்டுரையிலும் அதே பிழைகள். எங்கே தவறுகிறேன்?

க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

விடிய விடியத் திருத்தினால் நீங்கள்தான் எழுதப் பழகுவீர்கள். என் முதல் கட்டுரையை ஒரு பெரியவர் வாங்கிப்போய், இரண்டு மாதம் கழித்துப் பக்கம் முழுக்கச் சிவப்பாக்கித் தந்தார். அப்படியே பார்த்து எழுதி அனுப்பினேன், அச்சிலும் வந்தது. எந்த வசனத்தை ஏன் மாற்றினார் என்று இன்றைக்கும் தெரியாது.

போன வருடம் ஒரு பதிவாளர், அதாவது விசேட பயிற்சியில் இருக்கும் வைத்தியர், டெங்கு பற்றிய வரைவோடு வந்தார். "டெங்கு உலகளாவிய ரீதியில் முக்கியமான பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகும்" என்று தொடங்கியிருந்தது. எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள். லப்டொப்பை மூடச் சொல்லி, கன்டீனுக்குக் கூட்டிப்போய் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து, "இதை ஏன் செய்யத் தொடங்கினீர்?" என்று கேட்டேன்.

"சேர், காய்ச்சல் விடுற நேரத்திலதான் சிலர் மோசமாகினம். வீட்டுக்காரர் காய்ச்சல் விட்டிட்டுது எண்டு கூட்டிக்கொண்டு போகப் பாக்கினம்."

இது வரைவில் ஒரு இடத்திலும் இல்லை! யோசிப்பது தமிழில், நோயாளி கதை சொன்னது சிங்களத்தில், எழுதுவது ஆங்கிலத்தில். இடையில் எங்கேயோ விழுந்துவிட்டது. இப்போது சொன்னதையே முதல் பந்தியாக எழுதும் என்றேன். இலக்கணத்தைக் கடைசியில் பார்த்துக்கொண்டோம்.

ஏன் தொடங்கினாய், என்ன செய்தாய், என்ன கிடைத்தது, அதற்கு என்ன அர்த்தம் என்ற நான்கு கேள்விகளையும் பிரித்தானிய மருத்துவப் புள்ளிவிபரவியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில் 1965இலேயே கேட்டுவிட்டார். கட்டுரையின் நான்கு பகுதிகளும் அவைதான். நான் இரண்டாவதில் இருந்து தொடங்கச் சொல்வேன். தன் கையால் செய்ததை எழுத யாரும் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. ஒரு தடவைக்கு ஒரு பந்தி போதும். நீங்கள் ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதுங்கள்: "ஆய்வில் இருந்து யாரை விலக்கினீர்? ஏன்?" பதிலை அவர்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று. மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, 1978இல் வன்கூவரில் முதலில் கூடியதே அதுதான், கட்டுரையை எழுதியவராகப் பெயர் போட நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், முழு வேலைக்கும் பொறுப்பு. நான்கும் வேண்டும். பிரிவுத் தலைவர் என்பதற்காகப் பெயர் போடுவது பற்றி வாயைத் திறக்கவில்லை, கொழும்பில் இன்னும் வேலை பார்க்க வேண்டும். ஆனால் நீங்கள் இரவில் எழுதிய பந்தியைப் பற்றி மதிப்பாய்வாளர் கேள்வி கேட்டால், முதல் பெயராக இருக்கும் அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்வார்?

சரி, நாளை சமர்ப்பிக்க வேண்டும் என்று இரவு பத்து மணிக்கு வருபவரிடம் இது எதுவும் சரிவராது. அவருக்கு நானும் திருத்தித்தான் கொடுக்கிறேன்.