‘கும்நாம்’ ஹெலன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் சிலர் பழைய இந்திப் படங்களைச் சேர்ந்து பார்ப்பது வழக்கம். இந்த மாதம் 1965-ல் வந்த ‘கும்நாம்’. பார்த்தவர்கள் அதில் நடித்த நடன நடிகை ஹெலனைப் பற்றியே அதிகம் கேட்டார்கள்.

மாமா, நான் வந்து சேர்றப்ப பாதிப் படம் ஓடிடுச்சு. கதை என்ன? (முலுண்ட்)

நைட் கிளப்பில் பரிசு விழுந்த சிலர் ஓசியில் விமானம் ஏறுகிறார்கள். என்ஜின் கோளாறு என்று ஆளில்லாத இடத்தில் இறக்கிவிட்டு விமானம் பறந்துவிடுகிறது. அங்கே ஒரு பங்களா, அதில் பட்லராக நகைச்சுவை நடிகர் மெஹ்மூத். பிறகு ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அகதா கிறிஸ்டி நாவலின் தழுவல்தான். தமிழில் 1984-ல் விஜயகாந்த் நடித்த ‘நாளை உனது நாள்’ இதே சரக்கு. பிணம் விழுந்த கையோடு டூயட் வரும், கண்டுகொள்ளாதீர்கள்.

முகமூடி போட்டு ‘ஜான் பெஹ்சான் ஹோ’ ஆடுறது ஹெலன்தானே? (தாராவி)

இல்லை தம்பி, அது லட்சுமி சாயா. பாவம், அவர் ஆடியதும் ஹெலன் கணக்கில் போய்விடுகிறது. 2001-ல் ‘கோஸ்ட் வேர்ல்ட்’ என்ற அமெரிக்கப் படம் அந்தப் பாட்டோடுதான் தொடங்கியது.

ஒரு பாட்டுக்கு ஆடிட்டுப் போறவங்கதானே ஹெலன்? இதுல அப்படி என்ன விசேஷம் சார்? (செம்பூர்)

அதுதான் விசேஷம். இதில் அவர் ஆடிவிட்டுப் போகவில்லை, மாட்டிக்கொண்டவர்களில் ஒருத்தி. மிஸ் கிட்டி என்று பெயர் உண்டு, வசனம் உண்டு, நடிகர் பிரானோடு ஒரு காதலும் உண்டு. மற்றவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ‘யார் கொலைகாரன்’ என்று திரிகையில், இந்தப் பெண் மட்டும் வாழ்கிறவரை வாழ்ந்துவிட்டுப் போகலாம் என்று கடற்கரையில் ‘இஸ் துனியா மே ஜீனா ஹோ தோ’ பாடுகிறாள். படத்தின் அசட்டுத்தனத்தைப் புரிந்துகொண்டு, அதற்கேற்ற சுருதியில் நடித்தவர்கள் அவரும் மெஹ்மூதும்தான் என்பது என் கட்சி. மெஹ்மூத் கனவில் ‘ஹம் காலே ஹை தோ க்யா ஹுவா’ என்று பாடும்போது ஹெலனின் குறும்பைக் கவனியுங்கள். நாயகன் மனோஜ் குமாரின் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் குடிப்பது வில்லியின் வேலை, கண்ணைக் கசக்குவது நாயகியின் வேலை. இதில் ‘பீகே ஹம் தும்’ பாட்டில் நாயகி நந்தாவும் ஹெலனும் சேர்ந்தே தள்ளாடுகிறார்கள். ஆனாலும் உயிரோடு வீடு திரும்புவது நந்தாதான். அந்த விதியை மட்டும் மாற்ற மனமில்லை.

இந்த வேடத்துக்கு ஃபிலிம்பேர் துணை நடிகை விருதுக்கு ஹெலன் பெயர் பரிந்துரையில் இருந்தது. விருது ‘காஜல்’ படத்துக்காக நம்ம பத்மினிக்குப் போனது.

தமிழ்ல நடிச்சிருக்காங்களா அண்ணே? (டோம்பிவிலி)

அதே பத்மினி நாயகியாக நடித்த ‘உத்தம புத்திரன்’ (1958) படத்தில் ‘யாரடி நீ மோகினி’ பாட்டைப் போட்டுப் பாருங்கள், சிவாஜியோடு ஆடுகிறவர்களில் ஹெலன் இருப்பார். அதே வருடம் இந்தியில் ‘ஹௌரா பிரிட்ஜ்’ படத்தின் ‘மேரா நாம் சின் சின் சூ’ அவரை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. பிறகு ‘டான்’ (1978) தமிழில் ‘பில்லா’ ஆனபோது (1980), அமிதாப் இடத்தில் ரஜினி வந்தார், ஹெலன் இடத்தில் ஹெலனே வந்தார். நம்மிடம் ஜோதிலட்சுமியும், ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தால் ‘சி.ஐ.டி.’ பட்டத்தைப் பெயரோடு சுமந்த சகுந்தலாவும் இருந்தும்கூட.

வெள்ளைக்காரங்களா அவங்க? (சயான்)

ரங்கூனில் பிறந்தவர், தாய் பர்மியர். ஜப்பான் படையெடுப்பின்போது குழந்தையாகக் குடும்பத்தோடு அஸ்ஸாம் வரை நடந்தே வந்தவர். பம்பாயில் குக்கூ என்ற நடனக்காரிதான் குரூப் டான்ஸில் சேர்த்துவிட்டார்.

விருதே கிடைக்கலையா?

கிடைத்தது, ‘லஹு கே தோ ரங்’ (1979) படத்துக்கு. மகேஷ் பட் இயக்கியது. அதில் வினோத் கன்னாவின் காதலி, டேனியின் அம்மா. 2009-ல் பத்மஸ்ரீ. அடுத்த மாதம் அந்தப் படத்தையே போடலாம் என்று நினைக்கிறேன். பிரிண்ட் சுமாராகத்தான் இருக்கும், சீக்கிரம் வந்தால் முன்வரிசை கிடைக்கும்.