இரண்டு திரைகளும் மரத்துப்போகும் விரல்களும்

கேள்வி: வயது 38, கணக்கு அலுவலகத்தில் பணி. வேலை விரைவாக முடியட்டும் என்று நான்கு மாதங்களாக இரண்டு மானிட்டர்கள் வைத்திருக்கிறேன். பில்களை வலப்பக்கத் திரையில் பார்த்து, எதிரே உள்ளதில் பதிகிறேன். நாளொன்றுக்கு 200 பில்களாவது இருக்கும். கழுத்து வலிக்கிறது, கண் எரிகிறது, வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விட்டுவிட்டு மரத்துப்போகின்றன. நீல ஒளியால் பார்வை போய்விடும் என்று இணையத்தில் படித்தேன். பக்கவாதம் வருமோ என்றும் பயமாக இருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரண மாத்திரையை மூன்று வாரங்களாகச் சாப்பிடுகிறேன். கழுத்துப் பட்டையும் அணிகிறேன்.

பதில்: பக்கவாதம் திடீரென்று வரும், வாய் கோணும், ஒரு பக்கக் கை தூக்க வராது, பேச்சு குழறும். அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108 எண்ணை அழைக்க வேண்டும். வாரக்கணக்கில் இரண்டு விரல்களில் மட்டும் வந்துபோகும் மரமரப்பின் போக்கு அதுவன்று. கழுத்திலிருந்து இறங்கும் ஆறாவது நரம்போ, மணிக்கட்டில் செல்லும் நரம்போ நெருக்கப்படும்போதுதான் பெரும்பாலும் இப்படி வரும்.

நான் அஞ்சுவது மரமரப்பை அன்று, கை பலம் குறைவதையும் தடுமாறுவதையும்தான். சட்டைப் பொத்தான் போட வராமல் திணறுவது, காபி டம்ளர் கையிலிருந்து நழுவுவது, கையெழுத்து மாறிப்போவது, நடக்கும்போது கால் பின்னுவது ஆகியவை தண்டுவடமே அழுத்தப்படுவதைக் காட்டலாம். இன்றே கடிகாரத்தைப் பார்த்தபடி கையை இறுக மூடி முழுவதும் விரித்துப் பாருங்கள். பத்து விநாடிகளில் 20 முறை வராவிட்டால், அல்லது மேற்சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும், இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்; எம்.ஆர்.ஐ. தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். சிறுநீரை அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கண்ணைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். வெயிலில் நடக்கையில் கண்ணில் படும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் திரையிலிருந்து வருவது மிகச் சொற்பம். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்து, கண் உலர்ந்து எரிகிறது. 20 நிமிடங்களுக்கு ஒரு முறை 20 அடி தொலைவில் உள்ள எதையாவது 20 விநாடிகள் பார்த்து, நன்றாக இமைத்தாலே பெரும்பாலும் தணிந்துவிடும்.

ஒவ்வொரு பில்லுக்கும் உங்கள் கழுத்து வலப்புறம் திரும்பி மீள்கிறது. நாளுக்கு 200 முறை, அதுவும் ஒரே பக்கமாக. இரண்டு மானிட்டர்களையும் ஒட்டி வைத்து, அவை சேரும் இடம் மூக்குக்கு நேரே வருமாறு, திறந்த புத்தகம் போலச் சற்று உள்நோக்கித் திருப்புங்கள். மேல்விளிம்பு கண் மட்டத்திலும், திரை ஒரு கை நீளத் தொலைவிலும் இருக்கட்டும்.

மருத்துவர் சொல்லாமல் மூன்று வாரம் டைக்ளோஃபெனாக் சாப்பிடுவது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் பாதிப்பையும் விலைக்கு வாங்குவதாகும், இன்றே நிறுத்துங்கள். பட்டையை நாள் முழுதும் அணிந்தால் கழுத்துத் தசைகள் பலமிழக்கும், அதையும் கழற்றிவிடுங்கள். திரையை மாற்றி வைத்தும் இரண்டு வாரங்களில் மரமரப்பு குறையாவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துச் சென்று காட்டுங்கள்.