அந்தத் தாளைத் தராசில் வையுங்கள்

கேள்வி: வீட்டைச் சுற்றி வரும் பறவைகளை வாரம் ஒன்று என்று வாட்டர்கலரில் வரைந்து வருகிறேன். ஆன்லைனில் ‘300 ஜிஎஸ்எம், வாட்டர்கலருக்கானது’ என்று போட்டிருந்த ஏ4 தாள் கட்டு வாங்கினேன். தண்ணீர் பட்டதுமே சுருண்டு, பின்பக்கம் வரை ஊறுகிறது. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். இங்குள்ள கடையிலோ 48 நிறப் பெட்டியும் ‘அசல் முடி’ பிரஷும் வாங்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் தாளை எடை போடுங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அப்படியானால் எட்டுத் தாள் 150 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசே போதும். ஈரக்காற்றில் ஓரிரு கிராம் ஏறி இறங்கும், அது பரவாயில்லை. 100 கிராம்தான் காட்டுகிறது என்றால் வந்திருப்பது 200 ஜிஎஸ்எம் தாள். தராசின் எண் தெரிய ஒரு போட்டோ எடுத்து, அட்டையின் படத்தோடு சேர்த்து, வாங்கிய தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். இழுத்தடித்தால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள்.

எடை சரியாக இருந்தால்? தாளில் தண்ணீர் ஊறாமல் தடுக்கும் பசைப் பூச்சு மட்டம் என்று அர்த்தம். வாதாடுவது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் ‘வாட்டர்கலருக்கானது’ என்று அவர்களே போட்டிருக்கிறார்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரஷ் விஷயத்தில் உஷாராக இருங்கள். ‘அசல் முடி’ என்றால் எந்த விலங்கின் முடி என்று கேளுங்கள். கீரி முடி பிரஷ் இன்னமும் அங்கங்கே விற்பனையில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பறவை வரையக் கீரியைக் கொல்வானேன்? எட்டாம் நம்பர் சிந்தெடிக் ரவுண்டு பிரஷ் ஒன்று போதும். கடையிலேயே தண்ணீர் கேட்டு நனைத்து உதறிப் பாருங்கள். ஊசி மாதிரி முனை கூடி நின்றால் வாங்குங்கள், இரண்டாகப் பிரிந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

48 நிறப் பெட்டி வேண்டவே வேண்டாம். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தாலே காக்கையின் கறுப்பு கிடைத்துவிடும். தண்ணீரைக் கூட்டினால் அதன் கழுத்துச் சாம்பல். செம்போத்தின் இறக்கைக்குச் சியன்னாவே போதும். மீன்கொத்திக்காகப் பச்சை சாய்ந்த நீலம் ஒன்று, அப்புறம் ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. ஐந்து டியூப், அவ்வளவுதான்.

மிச்சமாகும் பணத்தைத் தாளில் போடுங்கள். நூறு சதவீதப் பருத்தித் தாளைக் கட்டாக வாங்காமல் 22க்கு 30 அங்குல முழுத்தாளாகக் கேளுங்கள். பெரும்பாலும் அதுதான் கட்டுப்படியாகும். ஒன்றை எட்டாக வெட்டலாம். வாரம் ஒரு பறவை என்றால் ஏழு முழுத்தாள் வருஷத்துக்கே வரும், நாலு துண்டு மிஞ்சும். சுருட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள், கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள்.