சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ள குழந்தைக்கு நுரையீரல் தொற்று ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

எதிர்ப்புச் சக்தி குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் சளிதான். சிஎஃப்டிஆர் மரபணுக் கோளாறால் மூச்சுக்குழாயில் உப்பும் நீரும் சரியாகச் சுரப்பதில்லை. சளி பசைபோல் கெட்டியாகி அங்கேயே தங்க, கிருமிகள் குடியேறிவிடுகின்றன.

சின்ன வயதில் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் என்ற பாக்டீரியாக்கள். அப்புறம் வருகிற சூடோமோனாஸ்தான் பெரிய கவலை. நாளானால் அது தன்னைச் சுற்றிப் படலம் கட்டிக்கொள்ளும். பிறகு மருந்து எடுபடுவதே சிரமம். வந்தவுடன் கண்டுபிடித்தால், டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை 28 நாள் நெபுலைசரில் கொடுத்துப் பெரும்பாலும் விரட்டிவிடலாம். அதனால்தான் குழந்தை நன்றாக ஓடியாடும்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சளியைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சளியை வெளியேற்றும் பிசியோதெரபி தினமும் வேண்டும், இருமல் இல்லாத நாளிலும். இருமல் கூடினாலோ, எடை ஏறாமல் நின்றாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.